ராகு காலத்தில் ஒரு புருவம்

அநியாயம் நடந்தது என் அம்மாவுக்கு, அக்கா. எண்ணூறு பேர் முன்னால் மைக்கைப் பிடித்து, அவள் கையைக் கிண்டல் பண்ணி ஊர் சிரிக்கப் பேசியது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நடுவில் நான் வாதாட ஆரம்பித்துவிடுவேன். என் வாய் எனக்குத் தெரியும்.

ஆமாம், அந்த வீடியோவில் வரும் பெண் நான்தான். நீங்கள் என்னை உற்றுப் பார்த்தபோதே நான் தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி எழுந்து போயிருக்கலாம். “அந்தப் புருவ ஜோக் சொன்ன பொண்ணுதானே? எங்க வீட்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்” என்று நீங்கள் சொல்லிவிட்ட பிறகு எப்படிப் போவது? சிரித்ததற்காக நீங்கள் சங்கடப்பட வேண்டாம். சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன்.

இப்போது நரம்பு டாக்டர் அறைக்குள் போனாளே, கருநீலச் சேலை, அவள்தான் அந்த அம்மா. முன்பெல்லாம் நானும் கூடவே உள்ளே போவேன். டாக்டரிடம் நான்தான் பேசுவேன். இப்போது “நீ இங்கயே இரு” என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போகிறாள். அவள் வெளியே வரும்போது நீங்கள் ஒன்றும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதீர்கள். அந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கிற உங்கள் வீட்டுக்காரருக்கும் இதே நடுக்கம்தான் என்கிறீர்கள். அதனால் உங்களிடம் சொல்லலாம், தப்பில்லை.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டை. வீட்டின் முன்னறைதான் பார்லர். அப்பா நான் எட்டாவது படிக்கும்போது போய்விட்டார். அதற்குப் பிறகு என்னை எம்.ஏ. வரை கொண்டுவந்து சேர்த்தது ஒரு நூல்கண்டு. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பேஷியல், கல்யாண மேக்கப் எல்லாம் உண்டுதான், ஆனால் அம்மா ராமலட்சுமிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது திரெட்டிங், நூலால் புருவம் திருத்துவது. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்வாள். மிச்சம் இரண்டு கையிலும் முறுக்கி நிற்கும். குனிந்தாள் என்றால் நான்கு நிமிடம். காரியாபட்டியிலிருந்தும் திருச்சுழியிலிருந்தும் பஸ் ஏறி வருவார்கள்.

எனக்கு மட்டும் அவள் செய்யக் கூடாது என்று பி.ஏ. இரண்டாம் வருடத்திலேயே சொல்லிவிட்டேன். ஒரு பெண்ணின் புருவம் எப்படி இருக்க வேண்டும் என்று யாரம்மா தீர்மானிக்கிறார்கள் என்று கேட்டேன். “வர்றவங்கதான். வளைவா கேட்டா வளைவு, நேரா கேட்டா நேர்” என்றாள். அது என் கேள்விக்குப் பதிலே இல்லை என்றேன். “சரி, உன் கேள்வி உன்னட்டயே இருக்கட்டும், பூரி ஆறுது” என்றாள். எங்கள் வீட்டில் எல்லா விவாதமும் இப்படித்தான் முடியும். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பூரி சாப்பிடுவேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தோம். வலது கை நடுங்குகிறது, ஏதோ சத்துக் குறைவு என்று நினைத்து வந்தோம். டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். நாற்பத்தாறு வயதில் வருமா என்று நான் சண்டைக்குப் போனேன், ஏதோ அவர்தான் கொடுத்துவிட்ட மாதிரி. வருமாம். மாத்திரையில் கட்டுப்படுமாம், போகாதாம்.

திரும்பிப் போகும்போது பஸ்ஸில் அம்மா ஒன்று கேட்டாள். “சுபி, இது யாருக்கும் தெரியக் கூடாது. சித்திக்குக்கூட. என் கையில அடிச்சு சத்தியம் பண்ணு.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா அக்கா? “சத்தியம் பண்றதெல்லாம் மூடநம்பிக்கை. என் வார்த்தையே போதும்மா.”

நீட்டிய கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அது மடியில் கிடந்து ஆடிக்கொண்டே வந்தது.

அதற்குப் பிறகு அவள் செய்ததைத்தான் நான் மேடையில் சொன்னேன். காலை ஒன்பதரைக்கு மாத்திரை போட்டால் பத்தரைக்கெல்லாம் கை அவள் சொன்னபடி கேட்கும். ஒரு மணி வரை தாங்கும். அந்த நேரத்தில் மட்டும் ஆட்களை வரச் சொல்ல வேண்டும். என்ன காரணம் சொல்வது? ஒருநாள் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் கண்ணாடியில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது: ‘நல்ல நேரத்தில் மட்டும்’. யாராவது மூன்று மணிக்கு வந்தால், “இப்ப வேண்டாம்மா, முகத்துல கை வைக்கிறது, நேரம் பாக்கணும்ல” என்பாள். வந்தவர்கள் கோபித்துக்கொள்ளவே இல்லை. இன்னும் மரியாதை கூடிவிட்டது. ராமலட்சுமி கைராசிக்காரி, நேரம் பார்த்துத்தான் நூலைத் தொடுவாள் என்று பேச்சு பரவி, கல்யாணப் பெண்கள் அதிகமாக வந்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நோயை மறைக்க இன்னொரு நோயைப் பரப்புகிறாய் என்று கத்தினேன். புதன்கிழமை பன்னிரண்டுக்கு ராகு காலம் என்றால் அதற்குள் வேலையை முடித்துக்கொள்வாள். ஆனால் வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். அவள் கை நன்றாக இருக்கும் நேரமும் அதுதான். ஒரு நாள் விட்டுக்கொடுத்தால் பொய் தெரிந்துவிடும் என்று வெள்ளிக்கிழமை மட்டும் மாத்திரையைப் பதினோரு மணிக்குத் தள்ளிப்போட்டாள். அந்தக் காலைப்பொழுது முழுக்கத் தோள் இறுகி, தோசையைத் திருப்பிப் போடக்கூட முடியாமல் இருப்பாள். இல்லாத ராகுவுக்காக இருக்கிற மாத்திரையைத் தள்ளிப்போடுகிறாயே, இதைவிட அநியாயம் உண்டா என்று கேட்டேன்.

“நோய்னு சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பாங்க சுபி. ராகு காலம்னு சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க” என்றாள்.

அந்த வாக்கியத்தை அன்றைக்கே என் நோட்டில் எழுதிவைத்தேன். நல்ல வாக்கியம் கிடைத்தால் எழுதிவைப்பது என் பழக்கம்.

போட்டி கார்த்திகை மாதம் நடந்தது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான பட்டிமன்றம். தலைப்பு: ‘மூடநம்பிக்கையை வளர்ப்பது அறியாமையா, அச்சமா?’ நான் அச்சமே என்ற அணி, மூன்றாவது பேச்சாளர். எனக்கு முன்னால் பேசிய எதிரணிப் பையன் மாமியாரைக் கிண்டல் பண்ணியே அரங்கத்தைக் கையில் போட்டுக்கொண்டான். கருத்து என்று ஒன்று கிடையாது, கேட்டால் உங்களுக்கே எரிச்சல் வரும். ஆனால் சிரிப்பு நிற்கவே இல்லை. நான் தயாரித்து வைத்திருந்தது புள்ளிவிவரம். எழுந்தேன், இரண்டு நிமிடம் பேசினேன், முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். பட்டிமன்றத்தில் வீட்டுக் கதை சொன்னால்தான் கூட்டம் நிமிரும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மனைவி, மாமியார், அம்மா என்று ஆளாளுக்கு வீட்டில் ஒருவரை மேடைக்குக் கூட்டிக்கொண்டு வருவார்கள். என்னிடம் இருந்தது அம்மா ஒருத்திதான்.

தயாரித்து வைக்காததைச் சொன்னேன். “நடுவர் அவர்களே, எங்கள் வீட்டில் ஒரு பார்லர் இருக்கிறது. என் அம்மாவுக்குக் கை நடுக்கம். மாத்திரை வேலை செய்தால் நல்ல நேரம். மாத்திரை இறங்கினால் ராகு காலம். நாள்காட்டியை அச்சடிக்கிறவருக்கே தெரியாத பஞ்சாங்கம் இது” என்றேன். கொட்டாவி விட்டவர் நிமிர்ந்தார். கைதட்டல் வந்தது. கைதட்டல் வந்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. “ஒருநாள் ராகு காலத்தில் ஒரு கல்யாணப் பெண் வந்து உட்கார்ந்துவிட்டாள். ஒரு புருவம் காரியாபட்டிக்குப் போனது, இன்னொன்று திருச்சுழிக்குப் போனது. இப்போது மாப்பிள்ளை எந்த பஸ்ஸில் ஏறுவார், நடுவர் அவர்களே?”

நடுவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மணி அடிக்கவே மறந்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியதும், நோய் என்றால் கேள்வி கேட்பார்கள், ராகு காலம் என்றால் கேட்க மாட்டார்கள் என்ற அம்மாவின் வாக்கியத்தை என் வாக்கியம் மாதிரி சொல்லி முடித்தேன். சிறந்த பேச்சாளர் கேடயம் எனக்கு. கேடயத்தின் படத்தை மட்டும் அம்மாவுக்கு அனுப்பினேன். “சந்தோசம். சாப்பிட்டியா?” என்று பதில் வந்தது.

யாரோ அந்த ஒன்றே முக்கால் நிமிடத்தை மட்டும் வெட்டிப் போட்டுவிட்டார்கள். என் மேல் ஏன் பழி என்று முதலில் வாதாடினேன். ஊர் பெயரைச் சொன்னேனா? பார்லர் பெயரைச் சொன்னேனா? அம்மாவின் பெயரைச் சொன்னேனா? மூன்றும் இல்லை. ஆனால் வீடியோவுக்குக் கீழே என் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டு வாசலில் பத்து வருடமாக ஒரு போர்டு தொங்குகிறது, ‘சுபிக்ஷா பியூட்டி பார்லர்’ என்று. அது எனக்கு ஞாபகம் வரவில்லை அக்கா. என் பெயரை அவள் போர்டில் எழுதிவைத்திருந்தாள், எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

அம்மா அதை எப்படிப் பார்த்தாள் என்று பக்கத்துக் கடையில் பிளவுஸ் தைக்கும் ஜெயராணி அக்காதான் எனக்குச் சொன்னார். அவரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். ஒரு புருவம் முடிந்திருக்கிறது. போனில் வீடியோ வந்திருக்கிறது. “லட்சுமிக்கா, நம்ம சுபி பேசுது பாருங்க” என்று இவர் சந்தோஷமாகக் காட்டியிருக்கிறார். என்ன பேசப்போகிறேன் என்று அவருக்கே தெரியாது.

“வாயில நூல் இருந்துச்சு சுபி. அப்படியே குனிஞ்சு பாத்தாங்க. கடைசி வரைக்கும் பாத்தாங்க. எனக்குத்தான் போனை எங்க வைக்கிறதுன்னு தெரியல. அவங்க நூலை எடுக்கல. இன்னொரு புருவத்தையும் முடிச்சிட்டுத்தான் நிமிந்தாங்க. கண்ணாடியில பாத்தேன். ரெண்டும் ஒரே அளவு.”

அந்த வார இறுதியில் விடுதியிலிருந்து ஊருக்குப் போனேன். பஸ் முழுக்க வாதத்தைத் தயார் பண்ணிக்கொண்டுதான் போனேன். முகத்தில் நூல் ஓடுகிறது, கண்ணுக்கு மேலே அரை அங்குலம், வருகிறவளுக்கு உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டா இல்லையா? நோய் என்ன அசிங்கமா, மறைப்பதற்கு? மறைத்து மறைத்துத்தானே எல்லா நோயாளியும் தனியாகக் கிடக்கிறார்கள்? நீங்களே சொல்லுங்கள் அக்கா, இதில் எது தப்பு? நீங்கள் மட்டும் உங்கள் வீட்டுக்காரர் கையைத் துண்டு போட்டு மூடித்தானே கூட்டிக்கொண்டு வந்தீர்கள்?

மன்னித்துக்கொள்ளுங்கள். சொன்னேனே, ஆரம்பித்துவிடுவேன் என்று.

அம்மா கதவைத் திறந்தாள். “வா. கால் கழுவு” என்றாள். கண்ணாடியில் அந்த ‘நல்ல நேரம்’ அட்டை இல்லை. பசை ஒட்டிய நான்கு மூலை மட்டும் இருந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டே என் வாதம் முழுவதையும் சொன்னேன். அவள் குழம்பு ஊற்றினாள். நான் உரிமை என்றேன், அவள் மோர் வேண்டுமா என்றாள். “பதில் சொல்லும்மா. நான் பண்ணது தப்புன்னா தப்புன்னு சொல்லு” என்றேன். எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள். எல்லாவற்றையும் பற்றிப் பேசினாள் அக்கா, சித்தி வீட்டில் கிரகப்பிரவேசம், விடுதியில் தண்ணீர் வருகிறதா என்று எல்லாம் கேட்டாள். இதைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. இரண்டு மாதம்.

தைமாதக் கல்யாணத்துக்குச் சொல்லிவைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தமிழ்ச்செல்வி டீச்சர் வந்த அன்றைக்கு நான் வீட்டில் இருந்தேன். அவர் பெரிய மகளுக்குச் சடங்கிலிருந்து கல்யாணம் வரை எல்லாம் அம்மாதான். இப்போது சின்ன மகளுக்கு முகூர்த்தம். நான் உள்ளறையில், திரைக்குப் பின்னால் நின்றேன்.

“ஒண்ணும் நெனச்சுக்காத ராமலட்சுமி. மாப்ள வீட்ல அவங்களே ஆள் கூட்டிட்டு வாராங்களாம்.”

“நல்லதுதான் டீச்சர்.”

“வேற ஒண்ணும் இல்ல.”

“சரி டீச்சர். காபி குடிங்க.”

“மாப்ள வீட்லயும் அந்த வீடியோவப் பாத்துட்டாங்க. சம்பந்தியம்மா போன் போட்டு, நாங்க எந்த பஸ்ல ஏறணும்னு கேக்குறாங்க. கேலிக்குத்தான். இருந்தாலும் பாரு.”

டீச்சரின் கண் அம்மாவின் கையிலேயே இருந்தது. யாராவது பார்த்தால் அந்தக் கை இன்னும் ஆடும். டம்ளரை வைக்கும்போது தட்டில் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டது. டீச்சர் அந்தக் காபியைக் குடிக்கவில்லை.

திரையை விலக்கிக்கொண்டு வெளியே போய்க் கேட்டிருக்க வேண்டும் நான். டீச்சர், உங்கள் பெரிய மகள் முகத்தில் ஒரு கீறல் விழுந்ததா? இந்த இரண்டு வருடத்தில் இந்த ஊரில் யாருடைய புருவமாவது ஒரு நூல் கோணியதா? ஒரு ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம் என்று கேட்டிருக்க வேண்டும். நல்ல கேள்விகள். மூன்றையும் மனதில் அடுக்கிக்கொண்டேன். வெளியே போகவில்லை. ஏனென்றால் டீச்சர் பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: நீதானேம்மா சொன்ன?

இப்போது சொல்லிவிடுகிறேன். அந்தக் கல்யாணப் பெண் கிடையாது. காரியாபட்டிக்கும் போகவில்லை, திருச்சுழிக்கும் போகவில்லை. அப்படி ஒருநாள் நடக்கவே இல்லை. அம்மா கை சும்மா இருக்கும்போதுதான் நடுங்கும். வேலையைக் கொடுத்தால் அடங்கிவிடும். டாக்டர் என் முன்னால்தான் விளக்கினார், நான்தான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். மாத்திரை இறங்கினால் விரல் மெதுவாகும், தோள் இறுகும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் அவளாகவே யாரையும் தொட்டதில்லை. யாரும் கேட்காமலே அவள் அவ்வளவு கவனமாக இருந்தாள். இதெல்லாம் தெரிந்தேதான் மேடையில் அப்படிச் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் சிரிப்பு வந்திருக்காது.

தெரிந்துகொள்ளும் உரிமை என்று இவ்வளவு நேரம் உங்களிடம் பேசினேனே. அவர்களுக்கு நான் தெரியவைத்தது பொய்யை.

மாற்றி ஒரு வீடியோ போடுகிறேன் என்று அம்மாவிடம் கேட்டேன். “வேண்டாம்” என்றாள். அதுதான் இந்த விஷயத்தில் அவள் முதலில் சொன்ன சொல். அதை நான் பதிலில் சேர்க்கவில்லை.

பதில் போன வெள்ளிக்கிழமைதான் வந்தது. காலை பத்தே முக்கால். கடையில் யாரும் இல்லை. அம்மா வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் வலது கை ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் வெள்ளிக்கிழமை மாத்திரையைத் தள்ளித்தான் போடுகிறாள். ஆளே வராத கடைக்கு எதற்கம்மா ராகு காலம் என்றால், “பழகிருச்சு” என்கிறாள்.

“எந்திரிம்மா. நான் உக்காரணும்” என்றேன்.

“எதுக்கு?”

“எனக்குப் பண்ணிவிடு.”

மூன்று வருடத்துக்குப் பிறகு என் நெற்றியைப் பார்த்தாள். “காடா வளத்து வச்சிருக்க” என்றாள். பிறகு, “மணி என்ன?”

“பத்தே முக்கால்.”

“ராகு காலம்.”

“தெரியும்.”

“மாத்திரை போடல.”

“தெரியும்மா.”

எழுந்தாள். நூல்கண்டில் முனையைக் கண்டுபிடிக்க மூன்று தடவை ஆயிற்று. நான் எடுத்துக் கொடுக்கக் கையை நீட்டினேன், தட்டிவிட்டாள். பல்லில் கடித்தாள். என் தலையைச் சாய்த்து, என் இரண்டு விரலைப் பிடித்து என் இமை மேலும் நெற்றியிலும் வைத்தாள், தோலை இழுத்துப் பிடிப்பதற்கு. குனிந்தாள். அந்தக் கை என் முகத்துக்கு வருகிறவரை ஆடிக்கொண்டே வந்தது. நூல் தோலில் பட்டதும் நின்றுவிட்டது. நான்கு நிமிட வேலைக்கு நாற்பது நிமிடம் ஆனது. நீங்கள் அப்போதிலிருந்து என் புருவத்தையே பார்க்கிறீர்கள், பாருங்கள், நன்றாகப் பாருங்கள். ஸ்கேல் வைத்து அளந்துவிட்டேன். இரண்டும் ஒன்று.

கதவு திறக்கிற மாதிரி இருக்கிறது. அவள்தான் போல. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அவள் வாயில் நூல் இருந்ததால் பேச முடியாது. அதனால் நான் பேசினேன். அந்த நிலைமையிலும் நான்தான் பேசினேன். பொய் சொன்னேன்மா என்றேன். கையில அடிச்சு சத்தியம் கேட்டியே, கொடுத்திருந்தா சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ என்றேன். கேடயத்தைத் திருப்பிக் கொடுத்துடுறேன், டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிடுறேன், எண்ணூறு பேர்கிட்டயும் சொல்லிடுறேன் என்றேன். திட்டு, இல்ல அடி, மன்னிச்சிட்டேன்னாவது சொல்லு, ஏதாவது ஒண்ணு சொல்லும்மா என்றேன். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் போனது. நான் நிறுத்தவில்லை.

அம்மா வேலையை நிறுத்தினாள். ஜெயராணி அக்கா அந்த வீடியோவைக் காட்டியபோதுகூட எடுக்காத நூலைப் பல்லிலிருந்து எடுத்தாள்.

“தோலை இழுத்துப் பிடி சுபி. என் கை ஆடல. நீ பேசுற, அதான் ஆடுது.”